சந்தா, சம்பளம், அனுசரணை: இலங்கைக் கழக றக்பியின் அதிகாரமும் திருகோணமலையும்

1. ஆய்வுக் களம்

இலங்கைக் கழக றக்பியின் முதற்தரப் பிரிவை நெடுங்காலமாக எட்டு அணிகள் நிரப்பி வந்துள்ளன. கண்டி, சீ.ஆர்., சீ.எச்., ஹவ்லொக் ஆகிய நான்கும் குடிசார் கழகங்கள். இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகிய நான்கும் அரச சேவைகளின் அணிகள். வடக்கு, கிழக்கு மாகாணங்களைத் தளமாகக் கொண்ட அணி இவற்றுள் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் கடற்படையின் கலாசாலை திருகோணமலைத் துறைமுகத்திலும் விமானப்படையின் கலாசாலை சீனக்குடாவிலும் உள்ளன. பணம் எங்கிருந்து வந்ததோ அங்கேதான் இவ்விளையாட்டின் அதிகாரமும் குடியேறியது. அந்தப் பணத்துக்கும் அதிகாரத்துக்கும் பொதுவான கணக்கு எழுதப்படாததே தொடரும் பிணக்குகளுக்கு வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. சந்தாக் காலம்

1879இல் கொழும்பில் தொடங்கிய ஆட்டம், தோட்டத்துரைமார் வழியாக மலையகம் ஏறியது. 1908இல் இலங்கை றக்பிச் சங்கம் உருவானது. ஜப்பானியச் சங்கம் பிறக்க அதன்பின் 18 ஆண்டுகள் ஆயின. ஆளுநர் ஹியூ கிளிஃபர்டின் பாரியார் வழங்கிய கிளிஃபர்ட் கிண்ணம் இன்றும் பெரும் பரிசாக நிற்கிறது. செலவை உறுப்பினர் சந்தா தாங்கியது. சந்தா கட்டியவர்களே நிருவாகத்திலும் அமர்ந்தார்கள்.

திருகோணமலையில் நிலைமை வேறு. அங்கே ஆட்டம் பிரித்தானியக் கடற்படையோடு வந்து அதன் வேலிக்குள்ளேயே இருந்தது. 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டபோது மாலுமிகள் கப்பலேறினார்கள். சந்தா கட்டி அணி நடத்தும் தோட்டத்துரைமாரோ கொம்பனி வணிகரோ இந்நகரில் திரளாக இருந்ததில்லை. ஏகாம்பரம் மைதானத்திலும் மெக்கெய்சர் விளையாட்டரங்கிலும் உதைபந்தும் கிரிக்கெட்டும் வேர்விட்டன.

3. சம்பளக் காலம்

1895இல் வட இங்கிலாந்தின் கழகங்கள் தாய்ச் சங்கத்தை விட்டுப் பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் ஆட்டத்துக்காக இழந்த நாட்கூலியை ஈடுசெய்யலாமா என்பதே அன்றைய தகராறு. உலக றக்பி ஊதியத்தை வெளிப்படையாக ஏற்க 1995 வரை, சரியாக ஒரு நூற்றாண்டு, ஆனது.

இலங்கையில் இந்தக் கேள்விக்குப் படைகள் வேறு வழியில் விடை கண்டன. பாடசாலை அணியில் மிளிர்ந்த இளைஞன் கடற்படையில் சேர்ந்தால் மாதச் சம்பளம், தங்குமிடம், உணவு, மருத்துவம், சேவைக்காலம் நிறைந்தால் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. காலில் தசைநார் கிழிந்தாலும் அவனுக்குப் படை மருத்துவமனை இருக்கிறது. குடிசார் கழகமோ வீரருக்கான கொடுப்பனவு, பயிற்றுநர், உடற்சிகிச்சையாளர் அனைத்துக்கும் ஒவ்வொரு பருவமும் புரவலர்களை நாடவேண்டும். புரவலர் கைவிட்டால் அணியே கலையும். ஒரே புள்ளிப் பட்டியலில் இருவேறு பொருளாதாரங்கள் மோதுகின்றன. படை அணிகளுக்குப் போகும் பணம் வரிப்பணம். அது திருகோணமலை மீனவரும் செலுத்துவது. ஆனால் கடற்படைக் கழக ஆட்டங்களின் களம் மேற்குக் கரையிலுள்ள வெலிசறை.

4. அனுசரணைக் காலம்

பின்னர் கால்டெக்ஸ், டயலொக், நிப்பொன் பெயின்ட் போன்ற பெயர்கள் லீக்கின் முன்னால் ஏறின. 1990கள் முதல் கண்டிக் கழகம் கிண்ணங்களைக் குவிக்க, அதன் நித்தவளை மைதானம் நிரம்பியது. வருமானம் கூடக்கூட அதை யார் பங்கிடுவது, கழகங்களுக்கும் மாகாணச் சங்கங்களுக்கும் எத்தனை வாக்கு என்ற கேள்விகள் கூர்மையாயின.

இவற்றுக்கு மேலே நின்றது 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். தேசியச் சங்கங்களின் பதிவு விளையாட்டுத்துறை அமைச்சரின் அதிகாரத்துக்குட்பட்டது. தேசிய அணிக்கும் அவரது ஒப்புதல் வேண்டும். 2023இல் றக்பி நிருவாகத்தில் அரசு தலையிட்டதைத் தொடர்ந்து, மே மாதத்தில் உலக றக்பி அமைப்பு இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. அதே ஆண்டு ஜனவரியில் உதைபந்துக்கும் நவம்பரில் கிரிக்கெட்டுக்கும் அதே கதி. மூன்று விளையாட்டுகள் ஒரே ஆண்டில் ஒரே காரணத்துக்காகத் தண்டிக்கப்பட்டதைத் தனிமனிதர் தவறாக ஒதுக்கிவிட முடியாது. சட்டத்தின் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது.

5. ஒப்பீடு

ஐரோப்பிய றக்பிக் கழகங்கள் மோதும் ஐரோப்பியக் கிண்ணத்திலும் இதே சச்சரவு எழுந்தது. வருமானத்தில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் தலா 24 வீதம், கெல்டிக் நாடுகளினதும் இத்தாலியினதும் லீக்குக்கு 52 வீதம் என்பது பழைய பங்கீடு. 2012இல் ஆங்கில, பிரெஞ்சுக் கழகங்கள் விலகல் அறிவித்தல் கொடுத்தன. 2014இல் புதிய அமைப்பும், மூன்று லீக்குகளுக்கும் சமபங்கும் பிறந்தன. சண்டை கடுமையாக இருந்தும் முடிவு கண்டது. பங்கீட்டு வீதம் எழுத்தில் இருந்ததால் அதைப் பேசித் திருத்த முடிந்தது. ஆனால் பங்கீடு மட்டும் போதாது. 2022இல் ஆங்கிலக் கழகங்களான வொர்ஸ்டரும் வாஸ்ப்சும் கடனில் மூழ்கின; அடுத்த ஆண்டு லண்டன் ஐரிஷும் வீழ்ந்தது.

6. முடிவுரை

இலங்கைச் சங்கத்தின் யாப்பில் மூன்று ஏற்பாடுகள் இடம்பெற வேண்டும். அனுசரணைப் பணத்தின் பங்கீட்டு வீதம் எழுத்தில் வரவேண்டும். படை அணிகள் விளையாட்டுக்குச் செலவிடும் பொதுப்பணத்தின் கணக்கு ஆண்டுதோறும் வெளியாக வேண்டும். லீக் வருமானத்தில் ஒரு பகுதி, கழகம் இல்லாத மாவட்டங்களின் பாடசாலைகளுக்குச் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வாழும் திருகோணமலையில் களமும் பயிற்சி வசதியும் படைத்தளங்களின் வேலிக்குள் ஏற்கெனவே உள்ளன. நகரப் பாடசாலை மாணவருக்கு அவற்றைத் திறந்துவிடக் கோடிகள் வேண்டாம். ஒரு கொள்கை முடிவு போதும். அதை எடுப்பதற்கு விளையாட்டுத்துறை அமைச்சின் தலையீடும் தேவையில்லை.