செல்லுலார் சிறை: நினைவுநூலும் கோப்பும்

சாவர்க்கரின் 'மாஜி ஜன்மடேப்' நூலை ஆய்வேட்டில் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்கும் மாணவர்களிடம் நான் முதலில் இரண்டு ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளச் சொல்வேன். அவர் போர்ட் பிளேரின் செல்லுலார் சிறைக்குள் அடைக்கப்பட்டது 1911 ஜூலையில். நூல் மராத்தியில் வெளிவந்தது 1927இல். அப்போது அவர் அரசியலில் ஈடுபடக் கூடாது என்ற நிபந்தனையோடு இரத்தினகிரி மாவட்டத்துக்குள் வாழ்ந்துகொண்டிருந்தார்.

நூல்மீதான சர்ச்சைகளுள் கூர்மையானது சிறையில் நடந்த வேலைநிறுத்தங்களைப் பற்றியது. பாரிசால் சதி வழக்கில் தண்டனை பெற்று அங்கு வந்த திரைலோக்கியநாத் சக்கரவர்த்தி, சாவர்க்கர் சகோதரர்கள் மறைவில் தூண்டினார்களே தவிர வெளிப்படையாகச் சேரவில்லை என்று தம் நினைவுநூலில் எழுதினார். தாம் சேரவில்லை என்பதைச் சாவர்க்கரும் மறுக்கவில்லை. சேர்ந்திருந்தால் ஆண்டுக்கு ஒரு முறை கடிதம் எழுதும் உரிமை பறிபோயிருக்கும். கைதிகளின் விடுதலைக்காக வெளியே முயல்வதற்கு இருந்த ஒரே வழி அது என்பது அவர் தரும் விளக்கம். ஆக, நிகழ்வில் இருவரும் உடன்படுகிறார்கள், நோக்கத்தில்தான் பிரிகிறார்கள். ஆர். சி. மஜும்தார் 1975இல் வெளியான தம் நூலில் இவ்விரு கூற்றுகளையும் கருணை மனுக்களையும் எடுத்தாண்டார். இன்றைய சண்டையில் எத்தனை பேர் அந்நூலைத் திறந்தார்களோ!

மனுக்களின் கதை வேறு. காந்தியின் அறிவுரையின்பேரிலேயே அவை எழுதப்பட்டன என்று 2021 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் பேசினார். காந்தி அவ்வாறு அறிவுரை கூறி சாவர்க்கரின் தம்பிக்குக் கடிதம் எழுதியது 1920 ஜனவரியில். முதல் மனு 1911இல் போனது. அடுத்தது 1913 நவம்பர் 14ஆம் நாளிட்டது. அக்காலத்தில் காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தார். நாட்காட்டியே தீர்த்துவைக்கும் வழக்கு இது. ஆனால், மனு அனுப்பியதையே நூல் மறைத்துவிட்டது என்னும் எதிர்வாதமும் நிற்காது. அரசுக்கு விண்ணப்பித்ததை நூல் சொல்கிறது. கோப்பில் உள்ள மனுவின் பணிவான தொனிதான் நூலில் இல்லை.

அதற்காகக் கோப்பை வேதவாக்காகக் கொள்வதும் தவறு. 1912 ஏப்ரலில் இந்துபூஷண் ராய் தம் அறையில் தூக்கிட்டு மாண்டார். செக்கிழுப்பு போன்ற கொடும் வேலையே காரணம் என்று உடனிருந்தவர்கள் எழுதினர். நிர்வாகம் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டில் உல்லாஸ்கர் தத் மனம் பிறழ்ந்தார். கைவிலங்கிட்டு நிற்கவைத்த சித்திரவதையைக் கைதிகள் காரணமாகச் சொல்ல, அரசுத் தரப்பு மலேரியாக் காய்ச்சலைச் சொன்னது. இங்கே நான் நினைவுநூல்களின் பக்கமே சாய்கிறேன். தன் சிறையில் நேர்ந்த கேட்டுக்குத் தன்னையே காரணமாக எழுதிக்கொள்ளும் நிர்வாகம் அரிது.

உல்லாஸ்கர் பின்னர் சென்னை மனநோய் விடுதிக்கு அனுப்பப்பட்டார். தம் சிறை வாழ்வைப் பற்றி அவரே ஒரு நூல் எழுதியிருக்கிறார். இந்த விவாதங்களில் அதை மேற்கோள் காட்டுபவர்கள் மிகக் குறைவு. சென்னையில் ஆய்வு செய்யும் மாணவர் யாரேனும் அதிலிருந்து தொடங்கலாம்.