சிங்கி இறாலும் இரையின் விலையும்: குமரிக் கடற்கரையில் கூட்டிலிருந்து வலைக்கு

முன்னுரை

தாராசுரத்துப் பட்டுநெசவில் நூலும் சரிகையும் கைக்கு வராமல் தறியில் பாவு ஏறாது. நூல் விலை ஏறினால் தறி ஓடும் நாள்கள் குறையும். குடும்பத்தின் வருவாயும் குறையும். ஆயினும் கூலிக்கு நெய்வோர் பலருக்கு அந்நூலை வணிகரோ கூட்டுறவுச் சங்கமோ முன்கூட்டியே தந்துவிடுவதால், நூலுக்கான முதலை நெசவாளர் தம் மடியிலிருந்து போடுவதில்லை. இவ்வூரில் இருந்துகொண்டு கைத்தொழில்களில் மூலப்பொருள் தட்டுப்பாடு குறித்த செய்திகளைத் தொகுத்து வந்தபோது, கடற்றொழிலில் நூலுக்கு நிகரானது எது என்னும் வினா எழுந்தது. வலைக்கும் படகுக்கும் ஆகும் செலவு ஒருமுறை செய்து பல பருவங்களுக்குப் பயன்படுவது. அது தறியைப் போன்றது. ஒவ்வொரு நாளும் புதிதாக வாங்கி, அன்றே கரைந்துபோகும் பொருள் இரை. அதுவே நூலுக்கு நெருங்கியது.

இரையை நம்பி நடைபெறும் தொழில்களுள் சிங்கி இறால் பிடிப்பு முதன்மையானது. தஞ்சை, நாகைப் பகுதிகளின் கடற்கரை பெரும்பாலும் மணலும் சேறும் கொண்டது. பாறை இடுக்குகளில் வாழும் சிங்கி இறால் அங்குத் தனித் தொழிலாக வளர இடமில்லை. தமிழகத்தில் அது தனித் தொழிலாக உருப்பெற்றது, பாறைத் திட்டுகள் நிறைந்த குமரிக் கடற்கரையில், குளச்சல், கடியபட்டினம், முட்டம் முதலிய ஊர்களில். கூட்டை இட்டுச் சிங்கி இறால் பிடித்துவந்த இக்கடற்கரை ஏன் வலைக்கு மாறியது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இரண்டு: நைலான் வந்தது, ஏற்றுமதி விலை ஆசை காட்டியது. இரண்டும் உண்மையே. ஆனால் இரையின் செலவைக் கணக்கில் கொள்ளாமல் இம்மாற்றத்தை முழுமையாக விளக்க இயலாது என்பது இக்கட்டுரையின் கருத்து.

இலக்கியத்தில் தூண்டில் மிகப் பழையது. சூதில் கிட்டும் வெற்றியைத் தூண்டில் பொன்னை மீன் விழுங்கியதற்கு ஒப்பிடுகிறார் திருவள்ளுவர். அங்கு நம் இரக்கமெல்லாம் மீனின் பக்கம் நிற்கிறது. இரையைத் தேடிக்கொண்டு வந்து கட்டியவனின் செலவு உவமைக்குத் தேவைப்படவில்லை, ஆய்வுக்குத் தேவைப்படுகிறது.

கூடும் சிப்பியும்

குமரிக் கரையில் மிகுதியாகக் கிடைக்கும் சிங்கி இறாலின் அறிவியல் பெயர் பனுலிரஸ் ஹோமாரஸ். பகலில் பாறைப் பொந்தில் பதுங்கி, இருள் சூழ்ந்தபின் உணவு தேடி வெளியே வரும் உயிரி அது. சிப்பி வகைகள் அதன் விருப்ப உணவு. மணத்தை உணர்ந்தே இரையை நெருங்குகிறது. இவ்வியல்பை நன்கறிந்தே கூடு உருவாகியுள்ளது. பனைமட்டையிலிருந்து கிழித்தெடுத்த நாரால் முடையப்பட்டு, அம்பின் தலை போன்ற வடிவில், உள்ளே புகுவது எளிதாகவும் திரும்புவது அரிதாகவும் அமைந்த வாயுடன் இருந்தது குளச்சல் பகுதிக் கூடு. மீனவர் மாலையில் கட்டுமரத்தில் சென்று பாறைகளின் ஓரத்தில் கூடுகளை இறக்கி, மறுநாட் காலை எடுத்தனர்.

1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை இப்பகுதி திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதியாக இருந்தது. 1950களில் கொச்சியை மையமாகக் கொண்டு உறைபதன ஏற்றுமதி தொடங்கியதும், அதுவரை உள்ளூர் உணவாக இருந்த சிங்கி இறாலின் வால்பகுதி கடல்கடந்த சந்தைக்குரிய சரக்காயிற்று. அக்காலத்துத் தொழில்நிலையை அறிய உதவும் முதன்மைச் சான்று, மியாமோட்டோ, ஷெரீப் ஆகிய இருவரும் 1961இல் இந்திய மீன்வள ஆய்விதழில் எழுதிய கட்டுரை. தென்மேற்குக் கரையின் சிங்கி இறால் பிடிப்பை அவர்கள் நங்கூரத் தூண்டில், கூடு என இருவகையாகப் பிரித்துக் காட்டினர். தலைப்பிலேயே வலை இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. இருபது ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டிருந்தால் அத்தலைப்பு வேறாக இருந்திருக்கும்.

கூட்டுக்குரிய நல்ல இரை சிப்பி. பாறையில் ஒட்டி வளரும் பழுப்புச் சிப்பியை மூழ்கிப் பெயர்த்தெடுத்து, ஓட்டை உடைத்துச் சதை கசியும்படி கூட்டில் வைப்பர். அலை அடங்கிய நாளில்தான் பாறையில் சிப்பி எடுக்க முடியும். எடுத்த சிப்பி பழையதாகிவிடக் கூடாது. ஒருவரிடம் நாற்பது கூடுகள் இருப்பதாகக் கொண்டால், நாற்பதுக்கும் அன்றன்று இரை வேண்டும். விடியும்போது அவற்றுள் ஐந்தில் மட்டுமே சிங்கி இறால் இருந்தாலும் நாற்பது கூட்டின் இரையும் செலவானதே. சிறிய மீன்களும் நண்டுகளும் தின்றது போக எஞ்சியது கடலில் கரைந்துவிடும். வலை கிழிந்தால் கட்டிக்கொள்ளலாம். இரைக்கு அவ்வழி இல்லை.

தொடக்கக் காலத்தில் இச்செலவு பணமாக வெளிப்படவில்லை. சிப்பி எடுத்தவர்களும் கூடு இட்டவர்களும் பெரும்பாலும் ஒரே ஊரினர், சில வேளைகளில் ஒரே வீட்டினர். உழைப்பு உழைப்பாகவே கணக்கில் வராமல் கழிந்தது. எனவே கூட்டுத் தொழிலைச் செலவு குறைந்த தொழில் என்று மதிப்பிடும் போக்கு உருவாகியிருக்க வேண்டும். இம்மதிப்பீட்டை அப்படியே ஏற்பதற்கில்லை.

இரை உணவானபோது

பெர்னா இண்டிகா எனப்படும் பழுப்புச் சிப்பி, உலகில் மிகக் குறுகிய பரப்பில் வாழ்வது. கன்னியாகுமரிக்கும் கொல்லத்துக்கும் இடைப்பட்ட பாறைக்கரையே அதன் முதன்மை வாழிடம். கேரளத்தில் சிப்பிக்கறிக்குள்ள மதிப்பு அனைவரும் அறிந்ததே. 1970களில் விழிஞ்ஞத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் மிதவையில் கயிறுகளைத் தொங்கவிட்டு இச்சிப்பியை வளர்க்கும் சோதனைகளை மேற்கொண்டது. ஒரு பொருளை வளர்த்துப் பெருக்க அறிவியல் நிறுவனம் முனைகிறது என்றால், அப்பொருளுக்கு உணவுச் சந்தை உண்டு என்பது பொருள். அச்சந்தையில் விற்றால் பணம் தரும் சிப்பியை உடைத்துக் கூட்டில் வைப்பது, கையிலிருக்கும் காசைக் கடலில் இறக்குவதாகும். சிங்கி இறாலின் விலை உயர்ந்தது உண்மைதான். அதன் இரையின் விலையும் உடன் உயர்ந்தது. முன்னதை எல்லா ஏட்டிலும் காணலாம். பின்னது மீனவர் வீட்டுக் கணக்கோடு நின்றுவிட்டது.

வலை

இரையே வேண்டாத கருவியாக வலை வந்தது. நைலான் இழையால், பின்னர்த் தங்கூசி இழையால் ஆன செவுள் வலைகள் கடலடியில் பாறைகளையொட்டி விரிக்கப்பட்டன. தொடர்ந்து, கரையோர வழக்கில் ‘டிஸ்கோ வலை’ எனப்படும் மூவடுக்கு வலையும் பரவியது. 1980களில் முட்டத்தில் கட்டப்பட்ட ஒட்டுப்பலகை வள்ளங்களும் வெளிப்பொருத்து இயந்திரங்களும் தொலைவுப் பாறைகளை அருகில் கொணர்ந்தன. எரிபொருள் என்னும் புதிய அன்றாடச் செலவும் அவற்றோடு வந்தது. எரிபொருளுக்கும் இரைக்கும் சேர்த்து நாள்தோறும் பணம் தேடுவது கடினம். இரண்டில் ஒன்றை விடுவதற்கு வழி இருந்தது, விட்டனர். கூட்டைக் கைவிட்டவர்களை அறியாமையுடையவர்கள் என்றோ பேராசைக்காரர்கள் என்றோ கூறும் எழுத்துகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த எளிய கணக்கை எவரும் போட்டுப் பார்க்கவில்லையே என்று தோன்றுகிறது.

கடல் இதற்குக் கொடுத்த விலை பெரிது. கூட்டிலிருந்து குஞ்சையும் சினையுற்ற பெண் இறாலையும் உயிருடன் திரும்ப விடலாம். வலையில் சிக்கியதைப் பிரித்தெடுக்கும்போது காலும் உணர்கொம்பும் ஒடியும். இந்தியாவின் மொத்தச் சிங்கி இறால் வரத்து 1985இல் ஏறத்தாழ 4,000 டன்னை எட்டிப் பின்னர்ச் சரிந்தது. மும்பைக் கடலில் இழுவை வலைகளால் மிகுதியாகப் பிடிக்கப்பட்ட தட்டைச் சிங்கி இறால் 1990களின் நடுப்பகுதியில் தொழிலாகவே அழிந்துபோனது. 2003 ஜூலையில் மத்திய வணிகத்துறை அமைச்சகம் ஏற்றுமதிக்குரிய குறைந்தபட்ச எடையை வரையறுத்தது: பனுலிரஸ் ஹோமாரஸ் 200 கிராம், பனுலிரஸ் பாலிஃபேகஸ் 300 கிராம், பனுலிரஸ் ஆர்னேட்டஸ் 500 கிராம், தட்டைச் சிங்கி இறால் 150 கிராம். இவ்விதி ஏற்றுமதியாளரைக் கட்டுப்படுத்துவது. உள்ளூர்ச் சந்தைக்கும் உணவகத்துக்கும் செல்லும் சிறியவற்றை அது தொடுவதில்லை.

1990களில் தென்கிழக்காசிய நாடுகளுக்கு உயிருடன் அனுப்பும் வணிகம் வளர்ந்தபோது நிலைமை சற்று மாறியது. உறுப்புக் குறையாத, உயிருள்ள சிங்கி இறாலுக்குத் தனி விலை. கூட்டுக்கு மீண்டும் ஒரு பொருளியல் நியாயம் கிடைத்தது எனலாம். மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இரும்புச் சட்டங்களாலான நீடித்துழைக்கும் கூடுகளை வடிவமைத்துச் சோதித்திருந்தது. வலையைக் கைவிட்டுக் கூட்டுக்குத் திரும்புங்கள் என்னும் பரிந்துரை ஆய்வறிக்கைகளிலும் விழிப்புணர்வுக் கூட்டங்களிலும் இடம்பெற்றது. வளம் காக்கும் நோக்கில் அப்பரிந்துரை சரியானது. ஆனால் பனைநாருக்குப் பதில் இரும்பு வந்ததேயன்றி, அதனுள் வைக்கும் பொருளுக்கு மாற்று வரவில்லை.

இரைக்கு எங்கே போவது

சிப்பி இல்லாவிடில் மலிவான மீன். குமரிக் கரையில் அதற்குச் சாளையே முதலில் நினைவுக்கு வரும். அண்டையிலுள்ள கேரளக் கடலில் 2012இல் 3.9 லட்சம் டன்னுக்கு மேல் கிடைத்த சாளை, 2021இல் 3,297 டன்னாகச் சுருங்கியது. கிடைக்கும் சிறுமீனுக்கும் மீன்தூள், மீனெண்ணெய் ஆலைகள் போட்டியாக நிற்கின்றன. மனிதர் உண்ணாத மீன் என்று ஒதுக்கப்பட்டு இரையாகிவந்த மீனுக்கும் வாங்குவோர் ஏற்பட்டுவிட்டனர்.

இது குமரிக்கு மட்டும் உரிய நெருக்கடி அன்று. உலகில் கூட்டுவழிச் சிங்கி இறால் பிடிப்புக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், ஹெர்ரிங் என்னும் மீனே நெடுங்காலமாக இரை. அதன் குஞ்சுப்பெருக்கம் குன்றியதால், பிடிக்க இசைவளித்த அளவு 2018இல் இருந்த ஏறத்தாழ 50 ஆயிரம் டன்னிலிருந்து 2019இல் ஏறத்தாழ 15 ஆயிரம் டன்னாகக் குறைக்கப்பட்டது. இரை விலை உயர்ந்தது. மீனவர்கள் மென்ஹேடன் போன்ற வேறு மீன்களை நாடினர். அங்குக் கடலில் இடப்படும் ஹெர்ரிங் இரையைச் சிறிய இறால்கள் கூட்டினுள் புகுந்து தின்றுவிட்டு வெளியேறுகின்றன. அதனால் மீன்பிடிப்பு நிகழும் இடங்களில் அவை விரைவாக வளர்வதை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மீனவர் தம் செலவில் கடலுக்கு உணவிட்டு வருகிறார் என்று அதைப் படித்துக்கொள்ளலாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் மாட்டின் தோலும் கால்பகுதியும் இரையாகப் பயன்பட்டன. புளோரிடாவில் உள்ளது வேறொரு வழி: கூட்டமாக வாழும் இயல்புடைய அவ்விடத்துச் சிங்கி இறாலில், அளவில் சிறியவற்றை உயிருடன் கூட்டில் விட்டுப் பெரியவற்றை ஈர்க்கின்றனர். குஞ்சைக் காக்க வேண்டிய நம் கரைக்கு அவ்வழியைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

இரை வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் நோக்க வேண்டும். கரையில் மீன் வணிகரிடமோ தரகரிடமோ முன்பணம் பெறுவது பழைய வழக்கம். முன்பணம் பெற்றவர் பிடித்ததை அவரிடமே கொடுக்க வேண்டும். வலைக்காக வாங்கும் கடன் ஒருமுறை ஏற்படுவது. இரைக்காக வாங்கும் கடன் நாள்தோறும் சிறுகச் சிறுக ஏறுவது. கூடு வெறுமையாக வந்த நாளிலும் ஏறுவது. இவ்வகையில் கூட்டுமுறை, கடலுக்கு நன்மையானதாக இருந்தும் மீனவரைத் தரகருடன் இறுகப் பிணைக்கக் கூடியது. கூட்டுக்குத் திரும்புமாறு சொல்லும் திட்டங்கள் இப்பகுதியைத் தொட்டுப் பேசியிருந்தால் அவற்றின் வரவேற்பு வேறாக இருந்திருக்கலாம்.

நூலும் இரையும்

கைத்தறியில் நூல் ஒரு மூலப்பொருள் என்பதை அரசு நெடுங்காலத்துக்கு முன்பே ஏற்றுக்கொண்டது. 1983இல் தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. ஆலை விலைக்கே நூல் வழங்கும் திட்டம் 1990களின் தொடக்கத்தில் வந்தது. அத்திட்டங்களின் குறைகளைத் தாராசுரத்து நெசவாளர்கள் என்னைவிட நன்கு அறிவர். ஆயினும் நூல் விலை ஏறும்போது முறையிடுவதற்கு ஓர் அலுவலகமும், கேட்பதற்கு ஒரு கோரிக்கையும் அவர்களுக்கு உண்டு. கடற்றொழிலில் மானியம் பற்றிய பேச்சு பெரும்பாலும் எரிபொருள், இயந்திரம், படகு ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துவந்தது. இரை அப்பட்டியலில் ஒரு மூலப்பொருளாக மதிக்கப்பட்டு இடம்பெறவில்லை.

மெய்னில் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களே இரையை மொத்தமாக வாங்கிச் சேமித்து உறுப்பினர்க்கு வழங்குகின்றன. குமரியிலும் இதற்கான அடித்தளம் புதிதாக அமைக்கப்பட வேண்டியதில்லை. 1980இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பைச் சார்ந்த ஊர்ச் சங்கங்கள் ஏலத்தையும் கடனையும் தரகரின் கையிலிருந்து மீட்டெடுத்த பட்டறிவு உடையவை. ஏலத்தில் மீதமாகும் மீன்தலை, குடல் ஆகியவற்றைக் குளிரில் வைத்து இரையாக்கவும், சிப்பிக்கு நிகராக அவை சிங்கி இறாலை ஈர்க்குமா என்று பனைக்கூட்டிலும் இரும்புக் கூட்டிலும் ஒரு பருவம் இட்டுப் பார்க்கவும் ஓர் ஊர்ச் சங்கமும் ஒரு பனிக்கட்டி அறையும் போதும்.