தொங்கான்கள் எங்கே போயின?

சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மைப்படுத்திய கதையை வகுப்பில் சொல்லும்போது, ஆறு அழுக்கானதற்குத் தொங்கான்கள்தான் காரணம்னு மாணவர்கள் நினைச்சுக்கிறாங்க. அது பாதிக் கதை.

19ஆம் நூற்றாண்டில் பெரிய கப்பல்கள் ஆற்றுக்குள் வர முடியாது. வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து சரக்கை 'போட் கீ' கிடங்குகளுக்குக் கொண்டுவந்தவை தொங்கான்களே. தொடக்கத்தில் அவற்றை ஓட்டியவர்களில் பலர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள். பிறகு அந்தத் தொழில் சீனர்கள் கைக்கு மாறியது. துடுப்பு, கழி, கடல் ஏற்றவற்றம், இவ்வளவுதான் எரிபொருள்! மோட்டார் பின்னால் வந்தது, கூடவே எண்ணெய்க் கசிவும் வந்தது. ஆனா அந்தப் பழைய முறையை ரொம்பவும் புகழ வேண்டாம். அரிசி மூட்டையைத் தோளில் சுமந்து ஒற்றைப் பலகைமேல் நடந்தவர்களின் முதுகுதான் அதற்கு விலை கொடுத்தது.

1972இல் தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. சுமார் 300 பெட்டிகள். மூட்டை மூட்டையா இறக்கும் வேலை அப்பவே ஆட்டம் கண்டுவிட்டது. 1977இல் தொடங்கிய தூய்மைத் திட்டம் பன்றிப் பண்ணைகள், கழிவுநீர்க் குழாய் இல்லாத குடியிருப்புகள், தெருக்கடைகள் எல்லாவற்றையும் இடம் மாற்றியது. அழுக்கில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது. 1983இல் ஏறத்தாழ 800 படகுகள் பாசிர் பாஞ்சாங்கிற்கு அனுப்பப்பட்டன.

இன்று துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத மின்வண்டிகள் கொள்கலன்களைச் சுமந்து செல்கின்றன. புகை குறைவு, வேகம் அதிகம். இந்தப் பாடத்தை நடத்தும்போது, 1983க்குப் பிறகு படகுக்காரங்க பிழைப்பு என்ன ஆச்சுன்னு மாணவர்களை வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லுங்க.