பழமலை முதல் பீங்கான் வரை: நம் விருத்தாசலம் ஊரான கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமைதானே, நிதானமாகப் படியுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போனில் பேசினால் கடைசியில் ஒரு கேள்வி வந்துவிடுகிறது. "இனிமே நம்ம ஊர்ல என்ன சார் இருக்கு? பீங்கானும் போயிட்டிருக்கே. இருக்கிற வீட்டை வித்துட்டு வந்துடலாமா?" வீட்டை விற்பதும் வைத்திருப்பதும் அவரவர் வசதி. ஆனால் "என்ன இருக்கு" என்ற கேள்விக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். அதற்கு, ஓர் ஊர் எப்படி நகரமாகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரத்துக்கு ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது. நகராட்சி, பேரூராட்சி என்று அரசு அறிவித்த ஊர்கள் நேராக நகரக் கணக்கில் சேரும். மற்ற ஊர்கள் என்றால் குறைந்தது 5,000 பேர் இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேர் வசிக்க வேண்டும். வேலை செய்யும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேர் விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். இந்த மூன்றாவது விதியைக் கவனியுங்கள். எல்லோரும் ஏர் ஓட்டினால் அது கிராமம். ஏர் ஓட்டாதவர்கள் ஓரிடத்தில் கூடிப் பிழைக்க ஒரு காரணம் கிடைத்தால் அது நகரம். நம் ஊருக்கு அப்படி ஒன்றல்ல, நான்கு காரணங்கள் கிடைத்தன.

முதல் காரணம் கோயில். திருமுதுகுன்றம், பழமலை, விருத்தாசலம் என்று பெயர் மூன்றானாலும் பொருள் ஒன்றுதான்: பழைய மலை. மலையைத்தான் காணோம்! மூவர் பாடிய தலம் இது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவியார் கற்றளியாகத் திருப்பணி செய்தார். மணிமுத்தாற்றங்கரையில் கோயில், அதைச் சுற்றித் தேரோடும் வீதிகள், வீதிகளில் பூக்காரர், கொல்லர், தச்சர், வணிகர். மாசி மகத்துக்குச் சுற்று வட்டாரமே திரண்டு வரும். கர்நாடகப் போர்களின்போது அந்த உயர்ந்த மதில் கோட்டையாகவும் பயன்பட்டது. ஆறும் மேட்டு நிலமும் ஊர் நிற்கும் இடத்தைத் தந்தன. ஊர் நிற்கும் இடம் என்பது ஒன்று, சுற்றியுள்ள ஊர்களோடு அதற்கு உள்ள தொடர்பு என்பது வேறொன்று. புவியியலில் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பார்ப்பார்கள். இடம் மாறாது. தொடர்பு மாறிக்கொண்டே இருக்கும்.

அந்தத் தொடர்பை மாற்றியது இரண்டாவது காரணமான ரயில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்ட பழைய பாதை விழுப்புரத்திலிருந்து கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று சுற்றிக்கொண்டு திருச்சிக்குப் போனது. நாம் அதற்கு வெளியே இருந்தோம். 1920களின் இறுதியில் விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு நேர்ப்பாதை போட்டார்கள். நாம் 'கார்டு லைன்' என்கிறோமே, அதுதான். கிழக்கே கடலூருக்கும் மேற்கே சேலத்துக்கும் போகிற பாதைகளும் வந்து சேர்ந்தபோது விருத்தாசலம் ஜங்ஷன் ஆனது. ஊர் ஓர் அடிகூட நகரவில்லை, ஆனால் நாலு திசையும் பக்கத்தில் வந்துவிட்டது.

மூன்றாவது காரணம் சந்தையும் ஆபீசும். வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியர் 1933-இல் ஒரு கருத்தைச் சொன்னார். மைய இடக் கோட்பாடு என்பார்கள். டீக்கடை நடக்க ஒரு தெரு போதும். நகைக்கடை நடக்க ஐம்பது கிராமம் வேண்டும். உப்புக்காக யாரும் பஸ் ஏற மாட்டார்கள், கல்யாணப் புடவைக்கு ஏறுவார்கள். அந்தப் பெரிய தேவைகளுக்கு மக்கள் எங்கே வந்து கூடுகிறார்களோ அது மைய ஊராகிறது. மணிலாவும் முந்திரியும் விளைகிற மண் நம்முடையது. மூட்டைகள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வரும். விற்ற காசு கடைவீதிக்குப் போகும். பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸ், வழக்குக்குக் கோர்ட், வைத்தியத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி. விவசாய ஆராய்ச்சி நிலையமும் இங்கே வந்தது. மணிலா ரகங்களில் 'வி.ஆர்.ஐ.' என்று பார்த்தால் அது நம் ஊரின் முதலெழுத்து என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவதுதான் பீங்கான். 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. நிலக்கரி எடுக்க மேல்மண்ணைத் தோண்டினால் வெள்ளைக் களிமண்ணும் கூடவே வந்தது. பீங்கானுக்கு அதுதான் உயிர். ஃபெல்ஸ்பாரும் வெண்கல்லும் சேலம், கரூர் பக்கம் கிடைக்கும். ஆல்ஃபிரட் வெபர் 1909-இல் சொன்னது இதைத்தான்: கனமான மூலப்பொருளை இழுத்துவரும் செலவு எங்கே குறைகிறதோ அங்கே தொழில் நிற்கும். களிமண் பக்கத்தில், ரயில் வாசலில். 1960களில் அரசு இங்கே பீங்கான் தொழிற்பேட்டையை உருவாக்கியது. தொழிலைப் படிப்பாகக் கற்றுத்தரும் பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரியும் வந்தது.

இங்கிலாந்தில் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் இப்படி வளர்ந்த ஊர்தான். அங்கே நிலக்கரி உண்டு, வெள்ளைக் களிமண் கார்ன்வாலிலிருந்து வர வேண்டும். ஜோசையா வெட்ஜ்வுட் என்ற பீங்கான் முதலாளி முன்னின்று கால்வாய் வெட்ட வைத்தார். அவர்களுக்குக் கால்வாய், நமக்கு ரயில்.

நம் ஊரின் படத்தை மனதில் வரைந்து பாருங்கள். கோயிலும் கடைவீதியும் ஒரு மையம், பாலக்கரை பஸ் போக்குவரத்து ஒன்று, ஜங்ஷன் ரோடு ஒன்று, பீங்கான் பேட்டை ஒன்று. ஒரு நகரத்துக்குப் பல மையங்கள் இருக்கும் என்று ஹாரிஸ், உல்மன் என்ற இரு அமெரிக்கர்கள் 1945-இல் எழுதினார்கள். நம் ஊரில் ஒவ்வொரு மையமும் ஒரு காலத்தைச் சொல்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பீங்கான் தளர்ந்தது உண்மை. ஊறுகாய் ஜாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் டப்பா. மீட்டர் போர்டில் வெள்ளை ஃபியூஸ் கட்டை இருந்த இடத்தில் எம்.சி.பி. தரைக்குப் போடும் டைல்ஸ் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருகிறது. பொம்மைக்குச் சீனப் போட்டி. எரிபொருள் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. ஒரே தொழிலை நம்பிய ஊராக இருந்திருந்தால் இந்நேரம் நாம் காலியாகியிருப்போம். ஆனால் கோயில், ரயில், சந்தை ஆகிய மூன்றும் தாங்கிப் பிடிக்கின்றன. 2011 கணக்கெடுப்பில் நம் நகராட்சியில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். செத்த ஊரின் கணக்கு இல்லை இது. 1993-இல் தென்னாற்காடு பிரிந்தது, 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. விருத்தாசலமும் தனி மாவட்டமாக வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் நிற்கிறது. அது நடந்தால் மூன்றாவது காரணம் இன்னும் வலுக்கும்.

என் கவலை வேறு. கோயிலை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. தண்டவாளமும் அப்படியே கிடக்கும். ஆனால் பீங்கான் என்பது கட்டடத்தில் இல்லை, கையில் இருக்கிறது. களிமண் கூழை அச்சில் ஊற்றி, எவ்வளவு நேரம் விட்டு மிச்சத்தைக் கவிழ்க்க வேண்டும், எந்தப் பதத்தில் பிரித்தால் விரிசல் விடாது, சூளையில் எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் பாதிதான் வரும். ஒரு தொழில் ஓரிடத்தில் நீண்ட நாள் கூடியிருந்தால் அதன் நுணுக்கம் அந்த ஊர்க் காற்றிலேயே கலந்துவிடும் என்ற கருத்தை ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இலேயே சொன்னார். அந்தப் பேட்டைத் தெருக்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது புரியும். ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தால் போதும், களிமண் இருக்கும், சூளை இருக்கும், செய்யத் தெரிந்தவர் இருக்க மாட்டார்.

சுந்தரர் இங்கே பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது நம் ஊர்க் கதை. நீங்களும் இங்கே படித்ததை வேறு ஊரில் காசாக எடுக்கிறீர்கள். அதில் தவறே இல்லை, எனக்கு அது பெருமைதான். ஆனால் வாங்குகிற இடத்திலாவது ஊரை நினையுங்கள். அடுத்த நவராத்திரிக்குக் கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல்விளக்கு வாங்கும்போது "இது எங்கே செய்தது?" என்று கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது தடவை அவரே விருத்தாசலம் சரக்கு வரவழைப்பார். டிசைன், ஆன்லைன் விற்பனை தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு வரும்போது ஒருநாள் பேட்டைக்குள் போய் உட்கார்ந்து பேசுங்கள்.

உங்கள் வீட்டில் யாராவது பீங்கான் வேலை செய்திருந்தால், என்ன வேலை, எத்தனை வருடம் என்று கீழே எழுதுங்கள். நம் ஊர் வரலாற்றில் அதுவும் சேரட்டும்.

எல்லோரும் நலமுடன் வாழ்க.