பாய்மரப் படகில் பிள்ளை வளர்த்தல்: கடலை வீடாக்கும் குடும்பங்களும் கரையில் இருக்கவேண்டியவையும்

பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு சிறு பிள்ளைகளுடன் கடலில் வாழும் குடும்பங்கள் உலகில் பல இருக்கின்றன. ஐரோப்பா, வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்களே இவர்களில் அதிகம். இருந்த வீட்டை விற்று அல்லது வாடகைக்குக் கொடுத்துவிட்டு, 35 முதல் 50 அடி வரை நீளமான படகொன்றை வாங்கி, துறைமுகம் துறைமுகமாகச் செல்கிறார்கள். சிலர் ஒரு வருடத்தில் திரும்பிவிடுகிறார்கள். சிலருக்குப் பத்து வருடங்கள் கடந்துவிடுகின்றன. இந்து சமுத்திரத்தைக் கடக்கும் இத்தகைய படகுகள் காலியிலும் திருகோணமலையிலும் தரித்துச் செல்வதுண்டு.

பிள்ளைகளோடு படகில் ஏறுவது என்றால் எங்கள் மக்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. அதனால்தான் இந்த வாழ்க்கையை விபரமாக அறிய விரும்பினேன். கடலில் ஒரு குழந்தை பத்திரமாக வளர்வதற்கு என்னவெல்லாம் தேவை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

படகு என்ற வீடு

40 அடிப் படகு என்பது ஏறத்தாழ 12 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் கொண்ட இடம். அதற்குள் இரண்டு அல்லது மூன்று சிறிய படுக்கையறைகள், ஒரு சமையல் மூலை, ஒரு கழிப்பறை, நடுவில் ஒரு மேசை. சாப்பாடு, படிப்பு, விளையாட்டு எல்லாம் அந்த மேசையில்தான். படகு சாய்ந்தாலும் பானை கவிழாதபடி, தானாக ஆடி நேராக நிற்கும் சட்டத்தில் அடுப்பைப் பொருத்துவார்கள். பிள்ளைகள் உருண்டு விழாமலிருக்கக் கட்டிலின் திறந்த பக்கத்தில் தடித்த துணியை இழுத்துக் கட்டுவார்கள்.

நன்னீர் தாங்கியில் இருக்கும் அளவுதான். கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் இல்லாத படகில் குளிப்பதும் துணி துவைப்பதும் கணக்குப் பார்த்தே நடக்கும். மின்சாரம் சூரியத் தகடுகளிலிருந்தும் காற்றாடியிலிருந்தும் வருகிறது. பிளாஸ்திக்கைக் கடலில் வீசுவதைச் சர்வதேசச் சட்டம் முற்றாகத் தடைசெய்திருப்பதால், குழந்தைகளுக்குத் துவைத்துப் பாவிக்கும் துணி அணையாடைகளைப் பயன்படுத்தும் தாய்மார் பலர்.

இவர்கள் எப்போதும் நடுக்கடலில் ஓடிக்கொண்டிருப்பதில்லை. அதிகமான இரவுகள் ஏதாவதொரு குடாவில் நங்கூரமிட்டே கழிகின்றன. நீண்ட ஓட்டங்கள் வருடத்தில் சில மட்டுமே. கனரி தீவுகளிலிருந்து கரீபியனின் சென் லூசியா வரையான அத்திலாந்திக் கடப்பு சுமார் 2,700 கடல் மைல். அதற்கு இரண்டு முதல் மூன்று வாரங்கள் செல்லும். 1986 முதல் ஒவ்வொரு வருடமும் கனரி தீவுகளிலிருந்து கரீபியனுக்குப் படகுகள் கூட்டமாகப் புறப்படும் பயணம் ஒன்று நடக்கிறது. அதில் பிள்ளைகளுடன் செல்லும் குடும்பங்களும் உண்டு.

எப்போது புறப்படுவது என்பதைக் காற்றே தீர்மானிக்கும். ஜூன் முதல் நவம்பர் வரை கரீபியனில் சூறாவளிக் காலம் என்பதால் அதற்குள் அங்கிருந்து விலகிவிடுவார்கள். தாய்லாந்து, மலேசியப் பக்கமிருந்து இலங்கை நோக்கி வருபவர்கள் எங்கள் வாடைக்காற்றுக் காலத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். சோளகத்தை எதிர்த்து மேற்கே ஓட முடியாது என்பதை எங்கள் மீனவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

வயதும் ஆபத்தும்

கைக்குழந்தையைப் படகில் வைத்திருப்பது கடினம் என்றுதான் கரையிலிருப்பவர்கள் நினைப்போம். தவழத் தொடங்காத குழந்தை வைத்த இடத்தில் இருக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு உணவுக் கவலையும் குறைவு. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கடல் ஒவ்வாமை வருவதும் அரிது. உண்மையான சிரமம் ஒரு வயதிலிருந்து நான்கு வயது வரைதான். அந்த வயதில் பிள்ளை ஓடும், ஏறும், ஆனால் ஆபத்தை அறியாது.

அதற்காகப் படகின் ஓரக் கம்பிகளைச் சுற்றி வலை கட்டுவார்கள். மேல்தளத்தின் முன்னிருந்து பின்வரை ஒரு பட்டியை இழுத்துக் கட்டி, பிள்ளை அணிந்திருக்கும் வாரை அதில் கொளுவிவிடுவார்கள். வாரின் நீளம் படகின் ஓரத்தைத் தாண்டாத அளவில் இருக்கவேண்டும். குழந்தைகளுக்கான உயிர்காப்பு அங்கி பெரியவர்களுடையதன் சிறிய அளவு மட்டுமல்ல. மயங்கினாலும் முகம் மேல்நோக்கி இருக்கும்படி கழுத்துப் பட்டையும், அங்கி கழன்று மேலே போகாதபடி கால்களுக்கிடையில் ஒரு வாரும் அதில் இருக்கும். அங்கி இல்லாமல் மேல்தளத்துக்கு வரக்கூடாது, பெரியவர் இல்லாமல் இரவில் வெளியே வரவே கூடாது என்ற இரண்டு விதிகளுக்கும் விலக்கு இல்லை.

இன்னொரு சிக்கல் நித்திரை. கடலில் படகு இரவும் பகலும் ஓடும். தாயும் தகப்பனும் மூன்று, நான்கு மணித்தியாலங்களுக்கு ஒருமுறை மாறிமாறிக் காவலிருப்பார்கள். ஒருவர் சுக்கான் பக்கம், மற்றவர் நித்திரை என்றால் பிள்ளையை யார் பார்ப்பது? நீண்ட ஓட்டங்களுக்கு மூன்றாவது பெரியவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளும் குடும்பங்கள் இருப்பது அதனால்தான்.

மேசையே வகுப்பறை

படகுப் பிள்ளைகள் அஞ்சல் வழியிலும் இணைய வழியிலும் படிக்கிறார்கள். நியூசிலாந்தின் அரச அஞ்சல் வழிப் பாடசாலை 1922இல், தூரக் கிராமப் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. பிரெஞ்சுக் குடும்பங்கள் பல தங்கியிருப்பது அந்நாட்டு அரசின் தொலைக்கல்வி நிலையத்தில். அதன் தோற்றம் எங்களுக்கு நெருக்கமானது. இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939இல், பாடசாலைகள் குலைந்து பிள்ளைகள் படிப்பை இழந்தபோது, அவர்களுக்காக வானொலியும் அஞ்சலும் வழியாகப் பாடம் நடத்த உருவாக்கப்பட்டதே அது. போர்க்காலப் பிள்ளைகளுக்காகப் பிறந்த நிறுவனம் இன்று கடலில் ஓடும் பிள்ளைகளுக்கும் பாடம் அனுப்புகிறது. மரநிழலில் படித்து, பங்கருக்குள் பரீட்சைக்குத் தயாரான எங்கள் பிள்ளைகளுக்கு அப்படியொரு ஏற்பாடு இருந்திருந்தால் என்று எண்ணாமல் என்னால் இதை எழுத முடியவில்லை.

எல்லா நாடுகளும் இதை இலகுவாக அனுமதிப்பதில்லை. ஜேர்மனியில் பாடசாலைக்கு நேரில் செல்வது கட்டாயம். பிரான்சிலும் 2022 முதல் வீட்டிலிருந்து கற்பதற்கு முன் அனுமதி பெறவேண்டும். பிள்ளையின் கல்வி பெற்றோரின் விருப்பம் மட்டுமல்ல, தனக்கும் அதில் பொறுப்புண்டு என்பது அந்த அரசுகளின் நிலைப்பாடு.

நோய் வந்தால், படகு தாழ்ந்தால்

அருகிலுள்ள வைத்தியசாலை பத்து நாள் தூரத்தில் இருக்கலாம். ஆகவே புறப்படுமுன் தடுப்பூசிகளை முடித்து, பிள்ளையின் நிறைக்கேற்ற மருந்தளவுகளை எழுதி வைத்துக்கொள்கிறார்கள். உரோமிலுள்ள வானொலி மருத்துவ நிலையம் 1935 முதல் கடலில் இருக்கும் நோயாளிகளுக்கு இலவச ஆலோசனை வழங்கி வருகிறது. முன்பு வானொலியில் கேட்டதை இப்போது செய்மதித் தொலைபேசியில் கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கையளவான அவசர சமிக்ஞைக் கருவி ஒன்றைப் பல குடும்பங்கள் வைத்திருக்கின்றன. அதை இயக்கினால் படகு இருக்கும் இடம் செய்மதி வழியாக மீட்பு நிலையங்களுக்குப் போய்ச்சேரும். இந்தச் சர்வதேச ஏற்பாட்டின் மூலம் முதல் மீட்பு 1982இல் நடந்தது.

அதற்கு முந்திய காலம் எப்படி இருந்தது என்பதற்கு ரொபேர்ட்சன் குடும்பம் சாட்சி. ஸ்கொட்லாந்துக்காரரான டூகல் ரொபேர்ட்சன் மனைவி பிள்ளைகளுடன் 1971 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். 1972 ஜூனில், கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே, திமிங்கிலங்கள் மோதியதில் அவர்களுடைய 'லூசெற்' சில நிமிடங்களில் தாழ்ந்தது. இரட்டைச் சிறுவர்கள் இருவர் உட்பட ஆறு பேர் இரப்பர் மிதவையிலும், பின்னர் ஒரு சிறு வள்ளத்திலும் 38 நாட்கள் மிதந்தார்கள். மழைநீரும் ஆமை இரத்தமும் குடித்தார்கள். தாய் லின் ஒரு தாதி. அவருடைய அறிவு பிள்ளைகளைக் காத்தது. யாரும் அவர்களைத் தேடவில்லை. தற்செயலாக வந்த ஜப்பானிய மீன்பிடிக் கப்பலே அவர்களைக் கண்டது. ஆறு பேரும் உயிர் தப்பினர்.

2014 ஏப்ரலில் நடந்தது இதற்கு நேர்மாறானது. மூன்று வயதும் ஒரு வயதுமான இரு பெண்பிள்ளைகளுடன் ஓர் அமெரிக்கக் குடும்பம் 36 அடிப் படகில் பசிபிக்கைக் கடந்துகொண்டிருந்தது. மெக்சிக்கோக் கரையிலிருந்து சுமார் 900 மைல் தொலைவில் சின்னவளுக்குக் கடும் காய்ச்சல். செய்மதித் தொலைபேசியும் இயங்கவில்லை. சமிக்ஞைக் கருவியை இயக்கினார்கள். மீட்பு வீரர்கள் விமானத்திலிருந்து குதித்துப் படகை அடைந்து குழந்தைக்குச் சிகிச்சையளித்தார்கள். பின்னர் ஒரு போர்க்கப்பல் வந்து நால்வரையும் ஏற்றிச் சென்றது. குழந்தை பிழைத்தது. கைக்குழந்தையுடன் ஏன் போனார்கள், செலவை யார் தருவது என்று அமெரிக்காவில் பெரிய விவாதம் எழுந்தது. ஆனால் விவாதம் மீட்புக்குப் பிறகே வந்தது.

மனிதரால் வரும் ஆபத்தும் உண்டு. 2011 பெப்ரவரியில் மூன்று பிள்ளைகளுடன் இந்து சமுத்திரத்தில் சென்ற டென்மார்க் குடும்பமொன்று சோமாலியக் கடற்கொள்ளையரிடம் சிக்கி, செப்டெம்பரில்தான் விடுவிக்கப்பட்டது. அந்த வருடங்களில் செங்கடல் வழியைப் பல குடும்பங்கள் கைவிட்டன.

பிள்ளையைக் கேட்டது யார்?

இந்த வாழ்க்கையின் இனிமைகளை எழுதியவர்களில் அதிகமானோர் பெற்றோர். பிள்ளையாக இருந்தவர் எழுதிய நூலொன்று 2023இல் வெளிவந்தது. 'வேவ்வோக்கர்' என்ற அதன் ஆசிரியர் சூசன் ஹேவூட். கப்டன் குக்கின் மூன்றாவது பயணத்தைப் பின்தொடர விரும்பிய தகப்பன், 1976இல் ஏழு வயதான சூசனையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். மூன்று வருடம் என்று சொன்ன பயணம் ஏறத்தாழ பத்து வருடமாக நீண்டது. தென் இந்து சமுத்திரத்தில் பேரலை ஒன்று படகைத் தாக்கியதில் சூசனின் மண்டையோடு வெடித்தது. ஒரு சிறு தீவின் பிரெஞ்சு நிலையத்தில், மயக்கமருந்து இல்லாமல் பல தடவை அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது.

அதைவிட ஆழமாக அவர் எழுதுவது மற்ற இழப்புகளை. நிலையான சிநேகிதிகள் இல்லை, ஒழுங்கான படிப்பு இல்லை, தனக்கென ஓர் இடமில்லை. தம்பி மேல்தளத்தில் நிற்க, தான் கீழே சமையலுக்கும் துப்புரவுக்கும் என்றானதையும் சொல்கிறார். அஞ்சல் வழியில் தானாகப் படித்து, பதின்ம வயதில் நியூசிலாந்தில் தம்பியுடன் தனியாக விடப்பட்ட நிலையிலும் விண்ணப்பித்து, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் இடம்பெற்றார்.

லோரா டெக்கரின் கதை மறுபக்கம். நெதர்லாந்துத் தகப்பனினதும் ஜேர்மன் தாயினதும் கடற்பயணத்தின்போது 1995இல் நியூசிலாந்தில் பிறந்து, முதல் வருடங்களைப் படகில் கழித்தவர். 13 வயதில் தனியாக உலகைச் சுற்ற விரும்பியபோது நெதர்லாந்து நீதிமன்றம் தலையிட்டு, அவரைச் சிறுவர் பாதுகாப்பு அதிகாரிகளின் மேற்பார்வையில் வைத்தது. 2010 ஜூலையில் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. 2012 ஜனவரியில், 16 வயதில், அவர் சுற்றை முடித்தார்.

ஒருவர் கரைக்குப் போகக் கேட்டார், மற்றவர் கடலுக்குப் போகக் கேட்டார். முதலாமவரின் குரலைக் கேட்க ஒரு நீதிமன்றமோ ஆசிரியரோ அருகில் இருக்கவில்லை.

எங்கள் படகுகள்

பாய்க்கப்பல் எங்களுக்கு அந்நியமானதல்ல. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் சென்று 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. ஆனால் எங்கள் கடலோட்டத்தில் பிள்ளைகள் கரையில்தான் இருந்தார்கள். அவர்களை நெடுங்கடலுக்கு ஏற்றியது போர்.

1990இல் மன்னார்க் கரையிலிருந்து என்னை மடியில் வைத்தபடி இராமேஸ்வரம் போனவர் என் அம்மா. மீன்பிடி வள்ளம். அங்கி இல்லை, வெளிச்சம் இல்லை, பிள்ளை அழக்கூடாது. வலை கட்டிய படகில் வாரோடு விளையாடும் வெள்ளைக்காரக் குழந்தையின் காணொளி ஒன்றை அண்மையில் அவருக்குக் காட்டினேன். "அதுகளுக்குத் திரும்பிப் போக வீடு இருக்கு மோனை" என்றார்.

2009 ஏப்ரலில் வன்னியிலிருந்து தப்பிய ஒரு படகு இயந்திரம் பழுதாகி, நாட்கணக்கில் மிதந்து ஆந்திரக் கரையை அடைந்தது. குடிநீரின்றிப் பலர், பிள்ளைகள் உட்பட, வழியிலேயே இறந்திருந்தார்கள். 2010இல் 'சன் சீ' கப்பலில் கனடாவை அடைந்த 492 பேரில் சிறுவர்களும் இருந்தனர். கரையில் அவர்களுக்குக் கிடைத்தது தடுப்பு நிலையம். 2022 பொருளாதார நெருக்கடியின்போது, கைக்குழந்தைகளோடு கடந்த குடும்பங்களைத் தனுஷ்கோடிக்கு அருகிலுள்ள மணல்திட்டில் படகோட்டிகள் இறக்கிவிட்டுச் சென்றார்கள்.

கடல் ஒன்றுதான். பாய்மரக் குடும்பங்களின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளைகளைக் காப்பது துணிவு மட்டுமல்ல. அளவான அங்கி, கேட்டால் பதில் சொல்லும் வைத்தியர், பாடம் அனுப்பும் அரசு, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சமிக்ஞை கேட்டதும் புறப்படும் மீட்பு விமானம், திரும்பிச் சென்றால் ஏற்கும் ஊர் ஆகியவையும் கரையில் இருக்கின்றன. சூசனுக்கு அவற்றில் சில இல்லாமற்போனபோது அந்தப் படகும் சிறையானது.

900 மைல் தொலைவில் காய்ச்சல் கண்ட ஒரு வயதுக் குழந்தைக்காக வீரர்கள் வானிலிருந்து குதித்தது சரியானதே. கடலில் இருக்கும் எந்தக் குழந்தைக்கும் அளவுகோல் அதுவாகவே இருக்கவேண்டும். அந்தக் குழந்தையை ஏற்றி வந்த படகுக்குப் பாய் இருந்ததா, கடவுச்சீட்டு இருந்ததா என்பது அதற்குப் பிறகு கேட்கவேண்டிய கேள்வி.