கருப்பாயியும் வாசுகியும்

பெண் குழந்தைக்குக் குப்பம்மாள் என்று பெயர் வைக்கலாமா என்றால் நம் தோழர்களே சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

சூத்திரரின் பெயர் இழிவைக் குறிக்க வேண்டும் என்று விதித்தது மனுஸ்மிருதி (2:31). ஆனால் குப்பம்மாள் மனு கொடுத்த பெயரல்ல. பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து அப்படிப் பெயரிட்டார்கள். எமன் கண்ணில் படாமல் இதுவாவது பிழைக்கட்டும் என்ற தாயின் தந்திரம் அது. கருப்பாயி, கருப்பசாமியை நினைத்து வைத்த பெயர். அவற்றை "ஏய் குப்பி" என்று ஏவல் சொல்லாக்கியது ஆண்டைகளின் நாக்குதான்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரின் பட்டியலை ஒருமுறை வாசியுங்கள். பெரியவர்களில் கருப்பாயி, குப்பம்மாள், வீரம்மாள். சிறுமிகளில் வாசுகி, ஜோதி, செல்வி, ராணி. செங்கொடி ஏந்திக் கூலி உயர்வு கேட்ட தலைமுறை, பிள்ளைகளின் பெயரையும் மாற்றியிருக்கிறது. நாகரிக மோகம் என்று சிலர் சொல்லக்கூடும். நாம் அதைச் சுயமரியாதை என்றே வாசிக்கிறோம்.

இப்போது நகரத்தில் பாட்டி காலத்துப் பெயர்களுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறதாம். மீனாட்சி வருகிறாள், மைதிலி வருகிறாள். கருப்பாயியை இன்னும் யாரும் கூப்பிடவில்லை.