சவரக்கத்தி சொல்லும் சரித்திரம்

தாடி வளர்த்த தலைவரின் வழி நடக்கும் நாம் சவரக்கத்தியைப் பற்றி எழுதப் புகுந்தால், தோழர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்! மழிப்பதிலும் பெருமையில்லை, வளர்ப்பதிலும் பெருமையில்லை என்று வள்ளுவர் அன்றே தீர்ப்பளித்துவிட்டார். நாம் கேட்க விரும்புவது தாடியின் கதையையன்று, அதை மழித்த கத்தியின் கதையை. அது எந்த உலையில் பிறந்தது? எவர் கையில் பழகியது? அதைப் பிடித்த கையை எந்த நாடு உயர்த்தியது, எந்த நாடு தாழ்த்தியது?

1769ஆம் ஆண்டு. பாரிசு மாநகர். ழான் ழாக் பெரே என்னும் கத்திக் கொல்லர் ஒரு நூலை அச்சேற்றினார். ஒருவர் தமக்குத் தாமே சவரம் செய்துகொள்ளக் கற்கும் கலை என்பது அதன் தலைப்பின் பொருள். கருவிகளைத் தீட்டும் கற்களின் வகைகள், கத்தி தீட்டும் தோலைப் பதப்படுத்தும் முறை, நல்ல சவரக்கத்தி செய்யும் வழி என்று தொழிலின் மறைபொருள்களையெல்லாம் ஒளிக்காமல் எழுதினார். முடியாட்சி நடந்த அந்நாளைய பிரான்சில், பிறர் முகம் மழிப்பது பொய்முடி செய்வோரும் சவரம் செய்வோரும் சேர்ந்த தொழிற்குழு ஒன்றின் தனியுரிமை. அந்தக் கோட்டைக்கு வெளியே நின்ற கொல்லர்தான், கத்தியை யாரும் கற்கலாம் என்று ஊரறிய உரைத்தார். தச்சரின் இழைப்புளியைக் கண்டு, கத்தியின் வாய் சிறிதளவே வெளியே தெரியும்படி மரக்காப்புப் பொருத்திய கத்தி ஒன்றையும் உருவாக்கினார்.

இருபது ஆண்டு கழித்துப் புரட்சி வந்தது. 1791இல் தொழிற்குழுக்களின் தனியுரிமைகள் ஒழிந்தன. ஒரு சவர நூல்தான் பாஸ்டில் சிறையைத் தகர்த்தது என்று சொல்ல நாம் பித்தரல்லர். ஆனால் மறைத்து வைத்த கலையை எழுத்தில் வைப்பவனும், மன்னனின் முத்திரையைக் கிழிப்பவனும் ஒரே ஊர்க்காரர்களாய் இருந்தார்கள் என்பதை மறப்பதற்கில்லை.

கற்கும் கலை என்று பெரே சொன்னது மிகையன்று. நாமும் கற்றுப் பார்த்தோம். பாட்டனாரின் பெட்டியில் பழைய மடக்குக் கத்தி ஒன்று கிடந்தது. அலகின் அடியில் ஷெபீல்டு என்ற முத்திரை, வாயெல்லாம் துரு. அதை எடுத்துக்கொண்டு, நாற்பதாண்டுக் காலம் கத்தி பிடித்த முதியவர் ஒருவரிடம் போய், "கற்றுக் கொடுங்கள், ஐயா" என்றோம். ஐயா என்ற சொல் அவரைத் திகைக்க வைத்தது. "வாத்தியாருக்கு எதுக்குங்க இந்த வேலை? உக்காருங்க, நானே வழிச்சு விடுறேன்" என்றார். நாம் நகரவில்லை. அவரும் இரங்கவில்லை, பத்து நாள்வரை கத்தியை முகத்தருகே கொண்டுபோக விடவில்லை.

முதலில் கல். கத்தியின் முதுகும் வாயும் ஒருங்கே கல்லின்மேல் படிய வேண்டும். முதுகின் தடிப்பே தீட்டும் கோணத்தை வகுத்துக் கொடுத்துவிடுகிறது, கோணமானி வேண்டியதில்லை. அந்தக் கத்தியை முதன்முதல் வடித்தவன் வடிவியல் அறிந்தவன், ஏடு அறியாதவனாக இருந்தாலும்! முதுகைத் தூக்கித் தீட்டினால் வாய் கெடும். கைபாரம் கொடுத்து அழுத்தினாலும் கெடும். துரு அரித்த குழிகள் தேய்ந்து மறையும்வரை சொரசொரப்பான கல், பிறகு பட்டுப்போன்ற மென்கல்.

அடுத்தது வார். கல்லில் கத்தியின் வாய் முன்னே செல்லும். தோல்வாரில் முதுகு முன்னே செல்லும். வாரின் முனையில் திருப்பும்போது முதுகின்மேல் புரட்ட வேண்டும். மறந்து வாயின்மேல் புரட்டினால் வார் அறும். நாம் ஒரு வாரை அறுத்தோம். முதியவர் ஒன்றும் சொல்லவில்லை. அடைப்பத்திலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். அதைத் தளர விட்டுத் தீட்டியபோதுதான் கடிந்தார். தொங்கும் வாரில் கத்தியின் வாய் உருண்டு மழுங்கிவிடுமாம்.

முகத்துக்கு வந்தது பதினோராம் நாள். வெந்நீரால் மயிரை நனைத்து இளக்கி, நுரை பூசி, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில், மயிர் படிந்த போக்கிலேயே கத்தியை இறக்க வேண்டும். கத்தியின் எடையே வேலையைச் செய்யும். பக்கவாட்டில் இம்மியளவு இழுபட்டாலும் குருதிதான். நம் தாடை அதற்குச் சான்று. முடிந்ததும் கழுவி, துடைத்து, வாரில் நாலு முறை இழுத்து ஈரம் போக்கி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்க வேண்டும். கரி மிகுந்த எஃகு அது. நம் நாட்டு மழைக்காலத்தில் ஓரிரவு ஈரம் போதும், வாயில் துரு ஊரும்.

இத்தனை படிகளில் எந்தப் படி குருதியில் வருகிறது? எந்தப் படி கோத்திரத்தில் வருகிறது? அம்முதியவரின் கையில் இருப்பது நாற்பதாண்டுப் பயிற்சி. நம் கையில் இல்லாதது அந்தப் பயிற்சி. வேறென்ன வேறுபாடு?

அந்த முத்திரைக்குத் திரும்புவோம். ஷெபீல்டு நகரின் புகழுக்கு அடிக்கல் இட்டவர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்ற மணிப்பொறித் தொழிலாளர். 1740களில் மூடிய மண்குகையில் எஃகை உருக்கி வார்க்கும் முறையை அவர் கண்டார். உள்ளூர்க் கத்திக் கொல்லர்கள் கடினமான எஃகு என்று அதை வாங்க மறுத்தார்கள். அவர் அதைப் பிரான்சுக்கு விற்றார். பிரெஞ்சுக் கத்திகள் சந்தையில் வெல்லக் கண்டதும், அதே கொல்லர்கள் ஏற்றுமதியைத் தடுக்க வேண்டும் என்று கூக்குரலிட்டார்கள்! புதுமையை எதிர்ப்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடில்லை.

ஆனால் குகையில் எஃகு உருக்கும் கலை ஹன்ட்ஸ்மனுக்கு முன்பே எங்கிருந்தது? நொய்யல் ஆற்றங்கரைக் கொடுமணலில். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பெயர் சொல்லும் அந்த ஊரில், கிறித்து பிறப்பதற்கு முற்பட்ட காலத்து இரும்பு, எஃகு உலைகளின் தடயங்களை அகழாய்வு வெளிக்கொணர்ந்தது. தென்னாட்டு எஃகை ஐரோப்பியர் வூட்ஸ் என்றழைத்தனர். உக்கு, உருக்கு என்னும் நம் மொழிகளின் சொல் திரிந்தது அது என்பர். 1795இல் ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து இலண்டன் ராயல் சங்கத்தில் கட்டுரை படித்தார். இலண்டனில் கத்திக் கடை நடத்திய ஜேம்ஸ் ஸ்டோடார்ட் தம் விளம்பரச் சீட்டிலேயே, தம் சவரக்கத்திகளும் அறுவைக் கருவிகளும் இந்திய எஃகால் ஆனவை என்றும், பல்லாண்டுச் சோதனைக்குப் பின் ஐரோப்பாவின் சிறந்த எஃகினும் இதையே மேலாகக் கொள்வதாகவும் அச்சிட்டார். அவரோடு கூடி எஃகுக் கலவைகளை ஆராய்ந்தவர் மைக்கேல் பாரடே. ஆம், மின்னியலின் தந்தை! வூட்ஸின் சிறப்புக்கு அலுமினியச் சேர்க்கையே காரணம் என்று அவர் தொடக்கத்தில் கருதினார், அது பிழை. காரணம், நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு வரை கலந்திருந்த கரி. 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாம் கண்ட எஃகால் செய்த சவரக்கத்திகளைப் பாரடே நண்பர்களுக்குப் பரிசளித்தார்.

பாரடே யார்? ஒரு கருமானின் மகன். புத்தகம் கட்டும் பட்டறையில் வேலை பயின்றவர். கருமானின் மகன் ராயல் கழகத்தில் ஆராய்ந்தான், எழுதினான், அச்சிட்டான். அவன் ஆராய்ந்த எஃகை உருக்கிய நம் கருமானின் மகனோ எழுத்தின் வாயிலையே காணவில்லை. பிள்ளைக்கு உலையைக் கொடுத்தோம், பள்ளியைக் கொடுத்தோமில்லை. கைக்குள்ளேயே இருந்த கலை, கைகள் ஓய்ந்ததும் அவிந்தது. மலிவான சீமை இரும்பு கப்பலேறி வந்தது என்பதும் உண்மை. ஆனால் பெரே செய்ததைச் செய்ய இங்கே ஒருவரை நாம் விட்டு வைக்கவில்லை என்பதும் உண்மை.

எஃகின் கதை இது. கத்தி பிடித்தவன் கதை இதனினும் கசப்பு.

ஐரோப்பாவிலும் முடி மழித்தவரே புண் அறுத்தார். 1540இல் இங்கிலாந்தில் சவரத் தொழிலாளரும் அறுவை மருத்துவரும் ஒரே குழுவாக இணைக்கப்பட்டனர், 1745இல்தான் பிரிந்தனர். சவரக் கடையில் தொழில் பயின்ற ஆம்புருவாஸ் பாரே, துப்பாக்கிப் புண்ணில் கொதிக்கும் எண்ணெய் ஊற்றும் கொடுமையை நிறுத்தி, 1545இல் அதைப் பற்றி நூல் எழுதி, பிரான்சின் நான்கு மன்னர்களுக்கு மருத்துவரானார்.

இங்கும் அவரே மருத்துவர். கட்டி அறுத்தவர் அவர். மகப்பேறு பார்த்தவர் அவர் வீட்டு மருத்துவச்சி. 1909இல் தர்ஸ்டன் எழுதிய தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலும் இதைச் சொல்கிறது. கொங்கு நாட்டிலோ அவருக்குக் குடிமகன் என்று பெயர். திருமணத்தில் மங்கல வாழ்த்துப் பாடுவதும் அவரே. குழந்தையை முதலில் ஏந்த அவர் வீட்டுக் கை வேண்டும். மணமக்களை வாழ்த்த அவர் வாய் வேண்டும். வாழ்த்தி முடித்ததும் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டும்! கூலியோ, களத்து மேட்டில் ஆண்டைகள் பார்த்து அளக்கும் நெல்.

அந்த நெல்தான் இன்னொரு கொடுமையின் கயிறு. சேரித் தெருவார் முகத்தில் அவர் கத்தி படக்கூடாது என்பது ஊர்க் கட்டளை. குற்றம் கத்தியுடையதன்று, கட்டளையிட்டவருடையது. என்றாலும் மறுப்பு கத்தியின் வழியாகவே வந்தது. 1955இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், பொதுத் தொழிலை மறுப்பதைக் குற்றமாக்கியது. இன்னும் நாளேடுகளில், முடி வெட்ட மறுத்த ஊரின் பெயர் அவ்வப்போது அடிபடுகிறது.

பெரே எண்ணியதை முழுதாக நடத்தியது அமெரிக்க வணிகர் ஜில்லெட்டின் பிளேடு. 1903இல் விற்றவை 51 சவரக் கருவிகளும் 168 பிளேடுகளுமே. பிறகு உலகையே பிடித்துக்கொண்டது. மறுக்கப்பட்ட தெருக்களில் ஒருவர் முகத்தை ஒருவர் மழித்துக்கொள்ளவும் அது உதவியது. இன்று முதியவரின் கடையிலும் பாதி பிளேடு செருகும் கத்திதான். நோய்த்தொற்றுக்கு அஞ்சிய காலம் பழைய கத்தியைப் பெட்டிக்குள் அனுப்பிவிட்டது. அவருடையதை மட்டும் இன்னும் தீட்டி வைத்திருக்கிறார்.

இளமையில் அந்தத் தெருவுக்குப் போனதுண்டா என்று ஒருநாள் கேட்டோம்.

"எங்கப்பா போனாருங்க, ஒரு ராத்திரி. அந்த வருசம் களத்துல எங்களுக்கு நெல்லு அளக்கலை" என்றார். வாரை இழுத்துக் கட்டினார். "இப்போ அந்தத் தெருப் பையன் ஒருத்தன் நம்மகிட்ட வேலை கத்துக்கிறானுங்க. கை நல்ல கை. உங்களை மாதிரி வாரை அறுக்கலை."